தலைமாட்டுக் கயிறு

ஒன்றாம் எண் அட்டையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்ததும், பன்றித்தொடையை அரிந்துகொண்டிருந்த நெட்டாவின் கத்தி பாதியில் நின்றது.

"சித்தப்பா, இது என்ன?"

எபென் பர்டி சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் கிடந்த மற்ற ஏழு அட்டைகளையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றாகத் தட்டி அடுக்கினார். ஆனால் அவள் கையில் இருந்த அட்டையைத் திருப்பி வாங்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. அதில் ஒரு சவப்பெட்டியின் படம் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருந்தது. தலைப் பக்கத்தில் '1' என்று அச்சிட்டு, கீழே எபெனின் கோணல் எழுத்தில் 'திரு. கில்ஃபிலன், சேர்மன், கிரெய்க்மூர் கால்பந்து கிளப்' என்று எழுதியிருந்தது.

ஸ்காட்லாந்தின் அந்தச் சுரங்க ஊரில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவது குழி வெட்டுகிற ஆட்கள் அல்ல. செத்தவருக்கு வேண்டிய எட்டு ஆண்கள், எட்டுக் கயிறுகள். யாருக்கு எந்தக் கயிறு என்று அட்டை போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஒன்று தலைமாடு, அது மூத்த மகனுக்கு. இரண்டு கால்மாடு. மிச்சம் ஆறும் பக்கத்துக்கு மூன்று. இந்த எண்களுக்காகவே அண்ணன் தம்பி பத்து வருடம் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் அந்தத் தெருவிலேயே இரண்டு உண்டு. இப்போது செத்திருந்தவர் நெட்டாவின் அப்பா வாட்டி பர்டி. மூத்த மகன், அவள் அண்ணன் ஆர்ச்சி, கனடாவில் இருந்தான். தந்தி அவனுக்குக் கிடைத்ததா என்பதே தெரியாது. அப்படியென்றால் தலைமாடு செத்தவரின் தம்பிக்கு வரவேண்டும். அந்தத் தம்பி தன் பெயரை இரண்டில் எழுதிவிட்டு, ஒன்றைத் தூக்கி சேர்மனுக்குக் கொடுத்திருந்தார்.

பெண்களுக்கு அட்டை கிடையாது. பெண்கள் கல்லறைக்கே போவதில்லை. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, இறைச்சி அரிந்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, ஆண்கள் திரும்பி வரும்போது தேநீர் சூடாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா செத்தபோது நெட்டாவுக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கும் அவள் இதே அடுப்பங்கரையில்தான் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டாரு," என்றார் எபென். "கிளப் சார்பா ஒண்ணாங் கயித்த நாங்க பிடிக்கணும்னு ஆசைப்படுறோம்னாரு. அம்பதாவது வருச மலர் போடுறாங்களாம். போட்டோ எடுக்க ஆள் வேற வருது. நான் என்னத்தச் சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது. ஒரு வார்த்தைதான."

எபென் மைதானத்தில் புல் வெட்டுகிறவர். கோடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், உருளை இழுப்பதும், மழை நாளில் பல் வைத்த மண்வெட்டியால் தரையைக் குத்தித் தண்ணீர் வடிய விடுவதும் அவர் வேலை. சுரங்கம் பாதி மூடிக் கிடந்த அந்த நாட்களில், சேர்மன் கொடுத்த வேலையில் இருந்துகொண்டு சேர்மனிடம் முடியாது என்று சொல்வது லேசான காரியமில்லை. அது நெட்டாவுக்கும் தெரியும். தெரிந்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"ஒன்பது மாசம் அப்பா படுத்துக் கெடந்தாரு. இங்கருந்து மைதானம் அரை மைல். கிளப்லருந்து ஒரு ஈ காக்கா வந்துச்சா? செத்த அரை மணி நேரத்துல கிளப் கலர்ல மஞ்சளும் கறுப்புமா மலர் வளையம் வந்துச்சே, அதுக்கு மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது?"

"அப்படிச் சொல்லாத கண்ணு. சேர்மன் வந்தாரே." எபென் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "போன சனிக்கிழமை அவரு வந்து உக்காந்துட்டுப் போனாருன்னு அண்ணனே எங்கிட்டச் சொன்னாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவ சொன்னாரு. முகத்துல அப்படி ஒரு சந்தோசம். அதுக்காகத்தான் நானும் சரின்னுட்டேன்."

நெட்டா அட்டையை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி இறைச்சியை அரிய ஆரம்பித்தாள். துண்டுகள் புத்தக அட்டை மாதிரி தடித்தடியாக விழுந்தன.

போன சனிக்கிழமை எந்தச் சேர்மனும் வரவில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட யாரும் வரவில்லை. ஆட்டம் முடிந்து கூட்டம் தெருவில் இறங்கும் சத்தம் கேட்டதும், வாட்டி பர்டி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "யாராச்சும் வந்தாங்களா?" என்பார். முதல் இரண்டு மாதம் நெட்டா "இல்லப்பா" என்றாள். மூன்றாவது மாதம், அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "கோல்கீப்பர் தம்பி வந்துச்சுப்பா, நீங்க தூங்கிட்டு இருந்தீங்க" என்று சொன்னாள். "எழுப்பியிருக்கலாம்ல" என்று கடிந்துகொண்டாரே தவிர, அன்று இரவுக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அதற்கப்புறம் வாரம் ஒரு பொய். ட்ரெய்னர் வந்தார், டிக்கெட் கிழிக்கிறவர் வந்தார், அந்தப் புதுப் பையன் சென்டர் ஃபார்வர்டு வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி வாரம் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்த பிறகு, "சேர்மனே வந்தாருப்பா" என்றாள். செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார்.

ஆக, தலைமாட்டுக் கயிற்றைச் சேர்மன் கையில் கொடுத்தது சித்தப்பா இல்லை, தானேதான் என்று அவளுக்கு உறைத்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வாட்டி பர்டியின் பெயர் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். இருபத்தொன்றில் கிரெய்க்மூர் அணியின் சென்டர் ஃபார்வர்டு. ஆள் உயரமில்லை. ஆனால் பந்து காற்றில் வரும்போது தன்னைவிட அரை அடி உயரமானவனின் தோளுக்கு மேல் அவர் தலை தெரியும். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் ஊறினால் செங்கல் கனம் கனக்கும். அதன் வாயைக் கட்டிய வாரின் தழும்பு அவர் நெற்றியில் கடைசிவரை இருந்தது. ஒரு பருவத்தில் முப்பத்துநாலு கோல் போட்டார். ஸ்காட்லாந்துச் சட்டையை ஒரே ஒரு தடவை போட்டார், அயர்லாந்துக்கு எதிராக. இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய கிளப் அவரைக் கேட்டு ஆள் அனுப்பியது. அப்போதைய சேர்மன், இப்போதிருப்பவரின் அப்பா பெரிய கில்ஃபிலன், அந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். கேட்டு வந்தார்கள் என்பதே வாட்டிக்கு ஏழு வருடம் கழித்துத்தான் தெரியும்.

அப்புறம் அந்தக் கோப்பை அரையிறுதி. ஆட்டம் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. மாற்றாளை இறக்க விதியில்லை. ஒருவன் விழுந்தால் பத்துப் பேரோடு ஆடவேண்டியதுதான். இடைவேளையில் ட்ரெய்னர் தலையை ஆட்டினார். பெரிய கில்ஃபிலன் உடை மாற்றும் அறைக்கு வந்து, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், "ஒரு கால் போதும்டா வாட்டி, கோல் போடத் தலை இருக்குல்ல" என்றார். முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாற்பது நிமிடம் ஒற்றைக் காலில் நொண்டினார். கடைசியில் ஒரு பந்து தவறி அவர் பக்கம் வந்தது. தலையால் உள்ளே தள்ளிவிட்டு அப்படியே விழுந்தார். கிரெய்க்மூர் ஜெயித்தது.

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. கால் சரியானால் ஆகட்டும் என்று இரண்டு வருடம் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை விடாமல் வைத்திருந்தார்கள். வேறு எங்கும் போய்க் கேட்கவும் முடியாது. ஆகாது என்று தெரிந்ததும், இனி வரவேண்டாம் என்று ஒரு தபால் அட்டை வந்தது. அவர் சுரங்கத்து வாசலில், நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் மேடையில், கிழவர்களோடு போய் நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயது.

இதில் நெட்டாவுக்குத் தாங்காதது எதுவென்றால், ஊர் இதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கிவிட்டிருந்ததுதான். மதுக்கடையில் எவனாவது "ஒரு கால் போதும்டா வாட்டி" என்று ஆரம்பித்தால் போதும், மொத்தக் கடையும் சிரிக்கும். அவள் அப்பாவும் சிரிப்பார். ஒருநாள்கூட அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவர் படாத கோபத்தையும் சேர்த்து அவள்தான் சுமந்தாள்.

படுக்கையில் விழும்வரை சனிக்கிழமைதோறும் அவள்தான் அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போவாள். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போவார். திரும்பும் வழியில் ரயில் பாலத்துக் கைச்சுவரில் கையை ஊன்றி நிற்பார், கீழே போகும் கரி வண்டிகளை எண்ணுகிறவர் மாதிரி. முழங்கால் வலி என்று மட்டும் சொல்லமாட்டார். அவளும் கேட்கமாட்டாள், கூடவே நின்று வண்டி எண்ணுவாள்.

பன்னிரண்டரைக்கு வீடு நிறைந்துவிட்டது. எபென் அட்டைகளை அவரவரிடம் கொடுத்து முடித்திருந்தார். அடக்கம் ஒன்றரைக்கு, இரண்டேகாலுக்கு ஆட்டம் இருந்ததால் சேர்மன்தான் அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார். முன்னறையில் இரண்டு நாற்காலிகள்மேல் பெட்டி. சுற்றி ஆண்கள், தொப்பியைக் கையில் பிடித்தபடி. பெண்கள் அடுப்பங்கரையில், கதவைப் பாதி திறந்து வைத்துக் கேட்டார்கள். பாதிரியார் வாசித்து முடித்ததும், சேர்மன் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டார்.

சின்ன கில்ஃபிலன் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது வயது, மென்மையான குரல், நல்ல கறுப்புக் கோட்டு. வாசலில் நெட்டாவின் கையைப் பிடித்து வருத்தம் சொன்னபோது கண்கூடக் கலங்கியது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கிளப் ஒரு குடும்பம், வாட்டி அதன் மூத்த பிள்ளை என்று ஆரம்பித்தார். கோல் கணக்கைச் சொன்னார். முப்பத்துநாலை முப்பத்திரண்டு என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கப்பா சாகுற வரைக்கும் இந்தக் கதையச் சொல்லுவாரு. ஒரு கால் போதும்டா வாட்டி..."

முன்னறையில் சிரிப்பு எழுந்தது. துக்க வீட்டுக்கு ஏற்றபடி அடக்கமாக, மூக்கால் சிரித்த சிரிப்பு. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டாவின் கையிலிருந்த தட்டு பீங்கான் தொட்டியில் விழுந்து இரண்டாக உடைந்தது. பக்கத்து வீட்டு பெல்லா ராங்கின் சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"அடி நெட்டா, உக்காருடி. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு."

"பெல்லாக்கா, சித்தப்பாவ வரச் சொல்லு. இப்பவே."

எபென் வந்தார். அவர் முகத்திலும் அந்தச் சிரிப்பின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"சேர்மன் வரல சித்தப்பா. போன வாரமும் வரல, அதுக்கு முன்னாடியும் வரல. நான்தான் வந்தாருன்னு அப்பாகிட்டப் பொய் சொன்னேன். வாராவாரம் யாரையாவது சொல்லுவேன். அவரு அத நம்பிக்கிட்டே போயிட்டாரு."

அடுப்பில் கெண்டி முனகியது. பெல்லா வெண்ணெய்க் கத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஒருத்தருமே வரலியா?" என்றார் எபென்.

"ஒருத்தரும்."

"அந்தப் புதுப் பையன் வந்து தொப்பியக் கழட்டிட்டு நின்னான்னு சொன்னாரே. அவ்வளவு மரியாதைன்னு சொல்லிச் சொல்லி..." கழுத்துப்பட்டியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். கோட்டுக்குள் கைவிட்டுத் தன்னுடைய அட்டையை, இரண்டாம் எண்ணை, எடுத்து அவள் முன் மேஜையில் வைத்தார். "இத சேர்மனுக்குக் குடு. ஒண்ணாங் கயித்த நீ பிடி."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு என்ன. ஒரு ஓரமா நிக்கிறேன்." பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல், "அடக்கம் நடத்துற மக்லார்ட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். பேசினா பேசிட்டுப் போறாங்க" என்றார்.

நெட்டா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கோட்டை எடுத்தாள். அடுப்பங்கரைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். தெருக்கோடி வீட்டு மூத்த அம்மாள் ஒருத்தி, இது நல்லா இல்லை, உன் அம்மா இருந்திருந்தால் விடமாட்டாள் என்றாள். அம்மா இருந்திருந்தால் இறைச்சி அரிகிற கத்தியையே கையில் எடுத்திருப்பாள் என்று நெட்டா சொன்னாள். பெல்லா தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து ஊசி குத்திவிட்டாள்.

ஆண்கள் நால்வர் நால்வராக நடந்தார்கள். அவள் சவ வண்டிக்குப் பின்னால், எபெனுக்குப் பக்கத்தில் நடந்தாள். தெருவில் திரைகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். பாதிரியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தவர் அப்புறம் திரும்பவே இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் நடந்த சேர்மன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அவள் எண்ணி வைத்துக்கொண்டாள்.

குழியருகே மக்லார்ட்டி காகிதத்தைப் பிரித்தார். ஊரின் தச்சரும் அவரே, அடக்கம் நடத்துகிறவரும் அவரே. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பெண்ணின் பெயரை அங்கே அவர் படித்ததில்லை. தொண்டையை இரண்டு முறை செருமினார்.

"ஒண்ணு," என்றார். "மிஸ் பர்டி."

அதற்குள் சேர்மன் ஒரு அடி முன்னால் வைத்திருந்தார். புகைப்படக்காரன் ஈர மண்ணில் கேமராவின் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தான். சேர்மன் சிரித்த முகத்தோடு, ஏதோ சின்னக் குழப்பம் என்பதுபோல், தன் சட்டைப்பைக்குள் விரலை விட்டார்.

"இல்லம்மா, எங்கிட்ட அட்டை இருக்கு. ஒண்ணாம் நம்பர்."

"இருக்கட்டும்," என்றாள் நெட்டா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டுவிடுவோமோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். வாயைத் திறந்தபோது கடையில் உப்பு கேட்கிற குரல்தான் வந்தது. "உங்க எடம் கால்மாட்டுல. ஒரு கால் போதும்னு உங்கப்பா சொன்னாரு. இன்னிக்கு ரெண்டையும் நீங்க பிடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மதுக்கடையில் இருபத்தைந்து வருடமாகச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர் முகத்தில் ஈயாடவில்லை. சேர்மன் எபெனைப் பார்த்தார். எபென் கையை நீட்டிக் குழியின் அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். "அங்க வாங்க சார். வழுக்கும், பாத்து வாங்க." மைதானத்தில் வழி காட்டுகிற அதே குரல்.

சேர்மன் கால்மாட்டுக்குப் போனார். புகைப்படக்காரன் யாரிடமாவது கேட்கலாமா என்று பார்த்துவிட்டுக் கறுப்புத் துணியை மடித்து வைத்தான்.

மக்லார்ட்டி மற்ற ஆறு பெயர்களையும் படித்தார். பெட்டிக்கு அடியில் இருந்த குறுக்குக் கட்டைகளை உருவினார்கள். கனம் கயிற்றில் இறங்கியதும் நெட்டாவின் தோள் ஒரு கணம் முன்னால் இழுபட்டது. ஒன்பது மாதம் படுக்கையில் திருப்பிப் போட்டு, தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்ட உடம்பின் எடை அவள் கைகளுக்குத் தெரியும். அது இதுவல்ல, ஓக் பலகையின் எடையும் சேர்ந்திருந்தது. கையுறை இல்லாத உள்ளங்கையில் கயிறு எரித்துக்கொண்டு நழுவியது. எதிரில் சேர்மன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் விடவேண்டிய அளவு விடாததால் கால் பக்கம் உயர்ந்து நின்றது.

"ரெண்டு, கொஞ்சம் விடுங்க," என்றார் மக்லார்ட்டி தாழ்ந்த குரலில். "எறக்கி விடுங்க சார்."

சேர்மன் விட்டார். பெட்டி சமமாகி அடியைத் தொட்டது. ஏழு கயிறுகள் குழிக்குள் விழுந்தன. எட்டாவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். நெட்டா கயிற்று நுனியின் குஞ்சத்தை விரலில் ஒரு சுற்று சுற்றி, பிறகு பிரித்து, உள்ளே போட்டாள்.

இரண்டு மணிக்கெல்லாம் கல்லறை காலியாகிவிட்டது. சிலர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள், சிலர் அவளைப் பார்க்காமல் போனார்கள். எல்லாருமே கொஞ்சம் வேகமாகத்தான் போனார்கள். சேர்மன் அவள் எதிரில் வந்து நின்றார். கையுறையின் மண்ணைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"உங்களுக்கு நேரமாகல?" என்று நெட்டா சித்தப்பாவைக் கேட்டாள்.

"காலையிலயே கோடு போட்டாச்சு," என்றார் அவர். "இனி அவங்க பாடு."

குழி மூடும்வரை இருந்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டில் பெல்லா தேநீரை எத்தனை தடவை சூடு பண்ணியிருப்பாளோ. வேலை என்ன ஆகும் என்று அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. கீழே மைதானத்திலிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்து அடங்கியது. வழியில் வேறு யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது. என்றாலும் மெதுவாக நடந்தார்கள்.

ரயில் பாலத்துக்கு வந்ததும் எபென் நின்றார். நெட்டாவும் நின்றாள். கயிறு அறுத்த உள்ளங்கையை ஈரச் சுவரின்மேல் வைத்தாள். கீழே தண்டவாளத்தில் வண்டி எதுவும் வரவில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்கள்.